தனித்தனி மேசைகள்: சிறார் நூல் எழுத்தாளருக்கும் ஓவியருக்கும் சங்கம் எதற்கு?

குழந்தைகளுக்கான படப் புத்தகம் ஒன்றைப் புரட்டுபவர், அதை எழுதியவரும் அதற்குப் படம் வரைந்தவரும் அருகருகே அமர்ந்து பேசிப் பேசி அதை உருவாக்கியிருப்பார்கள் என்றே எண்ணிக்கொள்வார். ஆங்கிலப் பதிப்புலகில் பெரும்பாலும் நடப்பது அதற்கு நேர்மாறானது. கதையைப் பதிப்பகம் முதலில் வாங்கிக்கொள்கிறது. ஓவியரைப் பதிப்பாசிரியரும் கலை இயக்குநரும் பிறகு தேர்ந்தெடுக்கிறார்கள். எழுத்தாளர் சொல்ல நினைப்பதும் ஓவியர் கேட்க நினைப்பதும் பதிப்பாசிரியர் வழியாகவே போய்வருகின்றன. புத்தகம் கடைக்கு வந்த பிறகுதான் இருவரும் முதன்முதலாகச் சந்தித்துக்கொண்டார்கள் என்றால் அங்கே யாரும் வியப்பதில்லை. இந்த ஏற்பாட்டுக்கு ஒரு நியாயமும் உண்டு. எழுத்தாளரின் மனத்தில் ஏற்கெனவே இருக்கும் காட்சியைப் பார்த்து வரைபவராக ஓவியர் சுருங்கிவிடக் கூடாது, சொல்லில் இல்லாத இன்னொரு கதையைப் படம் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் அதன் அடியில் இருக்கிறது. ஆனால் கலைக்கு நல்லதாக அமைந்த இந்த விலக்கம் தொழிலுக்கு நல்லதாக அமையவில்லை. ஒரே புத்தகத்தின் இரண்டு பாதிகளை உண்டாக்குபவர்கள் தனித்தனியே பதிப்பகத்தின் எதிரில் அமர்கிறார்கள். ஒருவருக்கு என்ன கிடைத்தது, எந்த நிபந்தனையில் கிடைத்தது என்பது மற்றவருக்குத் தெரிவதில்லை.

இதோடு இன்னொரு தனிமையும் சேர்ந்துகொள்கிறது. பெரியவர்களுக்கு எழுதுபவரின் புத்தகத்தை வாசிப்பவரே காசு கொடுத்து வாங்குகிறார். பிடித்ததா இல்லையா என்று எழுதவும் செய்கிறார். ஐந்து வயதுக் குழந்தை புத்தகம் வாங்குவதில்லை. மதிப்புரை எழுதுவதும் இல்லை. பெற்றோர், ஆசிரியர், நூலகர், பள்ளிக்கு மொத்தமாகக் கொள்முதல் செய்யும் அதிகாரி என்று நாலைந்து பெரியவர்களின் கையைத் தாண்டித்தான் நூல் அந்தக் குழந்தையிடம் போகிறது. நாளிதழ்களின் நூல் அறிமுகப் பக்கங்களிலோ சிறார் நூலுக்குக் கிடைக்கும் இடம் மிகக் குறைவு. ஆகவே தம் வேலை சரியாக இருக்கிறதா என்று இத்துறையினர் அறிந்துகொள்ளும் வழிகள் மற்ற எழுத்தாளர்களுக்கு உள்ளதைவிடக் குறுகலானவை.

எழுத்தாளர்–ஓவியர் சங்கங்களைப் பற்றிப் பேசும்போது நட்பு, ஊக்கம், உடன் நடப்பவர்களின் துணை ஆகியவற்றையே முதலில் சொல்வது வழக்கம். அவை பொய்யல்ல. ஆயினும் அவற்றை மட்டும் சொன்னால் சங்கம் என்பது மாலை நேரத்துக் கூடுகை போலத் தோன்றிவிடும். அத்தகைய அமைப்புகளின் வரலாற்றைப் பார்த்தால், அவை செய்த பெரிய காரியம் வேறு என்பது என் கணிப்பு. பதிப்பகங்களும் சில மூத்த படைப்பாளிகளும் மட்டும் அறிந்திருந்த தொழில் விவரங்களை அவை எல்லோருக்கும் பொதுவாக்கின. அந்தப் பொதுவுடைமையில் எழுத்தாளருக்குச் சமமான பங்கு ஓவியருக்குக் கிடைத்ததா என்ற கேள்விதான் அவற்றை எடைபோட ஏற்ற அளவுகோல்.

இவற்றில் மிகப் பெரியது அமெரிக்காவில் பிறந்தது. 1971ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் நகரில், ஸ்டீபன் மூசர், லின் ஆலிவர் முதலிய எழுத்தாளர்கள் சிலர் சேர்ந்து சிறார் நூல் எழுத்தாளர் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். இடத்தைக் கவனிக்க வேண்டும். அமெரிக்கப் பதிப்பகங்கள் அநேகமாக எல்லாமே அன்று நியூயார்க்கில் இருந்தன. எந்தப் பதிப்பாசிரியர் எந்த வகைக் கதையைத் தேடுகிறார், யார் வேலையை விட்டுப் போனார், எந்த நிறுவனம் முன்பணத்தைக் குறைத்துவிட்டது என்பன போன்ற செய்திகள் அந்நகரத்து மதிய உணவுகளில் கைமாறிக்கொண்டிருந்தன. கண்டத்தின் மறுகரையில் இருந்தவருக்கு இருந்ததெல்லாம் தபால் பெட்டி ஒன்றுதான். கதையை உறையில் இட்டு அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், திரும்பி வந்தால் ஏன் வந்தது என்பதற்கு விளக்கம் இருக்காது. அடுத்த ஆண்டே சங்கம் தன் முதல் மாநாட்டை நடத்தியது. 1973 முதல் ‘தங்கப் பட்டம்’ என்று பொருள்படும் கோல்டன் கைட் விருதை வழங்கிவருகிறது. எஸ்.சி.பி.டபிள்யூ.ஐ. (சிறார் நூல் எழுத்தாளர்–ஓவியர் சங்கம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அறியப்படும் அச்சங்கத்தில் இன்று உலகெங்கும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் இருக்கிறார்கள்; இந்தியாவிலும் அதற்குக் கிளை உண்டு. ஒரு புத்தகம்கூட வெளியிடாதவரும் அதில் உறுப்பினராகலாம். இந்தத் திறந்த வாசலைச் சிலர் குறையாகச் சொல்வதுண்டு. எனக்கு அது சங்கத்தின் அடிப்படை நோக்கத்தோடு பொருந்துவதாகவே படுகிறது: தொழில் விவரம் அதிகம் தேவைப்படுவது இன்னும் உள்ளே வராதவருக்குத்தான்.

விருதைப் பற்றி ஒரு சொல். அமெரிக்கச் சிறார் இலக்கியத்தின் புகழ்பெற்ற பதக்கங்களான நியூபெரியும் (1922 முதல்) கால்டிகாட்டும் (1938 முதல்) நூலகர் சங்கத்தால் வழங்கப்படுகின்றன. பிரிட்டனில் கார்னெகி பதக்கத்தை 1936 முதல் தருவதும் நூலகர்களே. நூலகர் ஒரு நல்ல புத்தகத்தில் காண்பது ஒன்று, அதே வேலையைச் செய்பவர் காண்பது இன்னொன்று. எதை எழுதாமல் விட்டிருக்கிறார், எந்தப் பக்கத்தில் படம் சொல்லுக்கு வழிவிட்டிருக்கிறது என்பதைச் சக படைப்பாளியின் கண் வேறு விதமாகப் பிடிக்கும். கோல்டன் கைட்டின் தனித்தன்மை அதைச் சக எழுத்தாளர்களும் ஓவியர்களும் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது.

அந்தக் கண் அன்றாடம் வேலை செய்யும் இடம் விருதுக் குழு அல்ல, விமர்சனக் குழு. சங்கத்தின் வட்டாரக் கிளைகள் வழியாக நாலைந்து பேர் கொண்ட சிறு குழுக்கள் உருவாகின்றன; மாதம் ஒருமுறையோ இருமுறையோ கூடி, ஒருவர் படைப்பை மற்றவர்கள் அலசுகிறார்கள். இது பொதுவான வாசகர் வட்டத்திலிருந்து எப்படி வேறுபடுகிறது என்பதைப் புரிந்துகொள்ளப் படப் புத்தகத்தின் உடலமைப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பெரும்பாலான படப் புத்தகங்கள் 32 பக்கம் கொண்டவை. அச்சுத் தாளை மடிக்கும்போது பக்கங்கள் பதினாறின் மடங்காக அமைவதே இதற்குக் காரணம். நம் அச்சகத்துப் பேச்சில் சொன்னால் இரண்டு ஃபாரம். தலைப்புப் பக்கம், பதிப்புரிமைப் பக்கம் ஆகியவற்றைக் கழித்தால் கதைக்கு மிஞ்சுவது பன்னிரண்டு முதல் பதினான்கு இரட்டைப் பக்கங்கள். அதற்குள் ஐந்நூறு சொற்களோ அதற்கும் குறைவாகவோ கொண்ட ஒரு கதை தொடங்கி, சிக்கி, விடுபட்டு முடிய வேண்டும். குழந்தை பக்கத்தைப் புரட்டும் அந்த நொடியில் ஏதாவது ஒன்று காத்திருக்க வேண்டும். கணினியில் ஒரே நீள ஓட்டமாகத் தட்டச்சு செய்த கதையில் இந்தப் புரட்டல்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஆகவே இக்குழுக்களில் சில நடைமுறைகள் நிலைபெற்றிருக்கின்றன. வெற்றுத் தாள்களை மடித்துத் தைத்து, கதையைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டி, ‘டம்மி’ எனப்படும் மாதிரிப் புத்தகம் செய்து கொண்டுவரச் சொல்கிறார்கள். எழுதியவர் வாசிக்காமல் வேறொருவர் உரக்க வாசிக்கிறார். எழுதியவரின் நாக்குக்குப் பழகிப்போன தடுமாற்றங்கள், அந்த வரியை முதன்முறை பார்க்கும் நாக்கில்தான் இடறும். இரவில் படுக்கையில் அதை வாசிக்கப்போகும் களைத்த பெற்றோரின் நாக்கும் அதே இடத்தில்தான் இடறும். கருத்துகள் சொல்லப்படும்போது எழுதியவர் பேசக் கூடாது என்பது பல குழுக்களில் விதி. ‘நான் சொல்ல வந்தது என்னவென்றால்’ என்று விளக்குவதற்கு அவர் ஒவ்வொரு குழந்தையின் அருகிலும் உட்கார்ந்திருக்கப் போவதில்லை அல்லவா. இக்குழுவில் ஓவியர் ஒருவர் இருந்துவிட்டால் உரையாடலின் தரமே மாறிவிடுகிறது. ‘சிவப்புச் சட்டை அணிந்த சிறுமி வருத்தத்தோடு சன்னல் ஓரம் நின்றாள்’ என்ற வரியைப் பார்த்துவிட்டு, இதில் முக்கால்வாசி என்னுடைய வேலை, நீங்கள் எழுத வேண்டியதில்லை என்று அவர் சொல்லிவிடுவார். தனித்தனி மேசைகளில் நடக்கும் தொழிலில் இந்தப் பாடம் வேறெங்கும் எளிதில் கிடைப்பதில்லை.

குழுக்களுக்குக் கேடுகளும் உண்டு. கற்றுக்குட்டிகள் கற்றுக்குட்டிகளுக்குப் பாடம் எடுக்கும் குழுவில் தவறான விதிகள் வேதமாகிவிடும்; எல்லோருடைய ஆட்சேபத்துக்கும் இடம் கொடுத்துக் கொடுத்து, கூர் முழுதும் மழுங்கிய கதை ஒன்று மிஞ்சும். விசித்திரமான ஒரு படைப்பு இத்தகைய குழுவில் உயிர் பிழைப்பது கடினம். எந்தக் கருத்தைக் கேட்டுக்கொண்டு விட்டுவிட வேண்டும் என்று அறிவதும் அங்கே கற்க வேண்டிய ஒன்றுதான்.

இனி ஒப்பந்தத்துக்கு வருவோம். சங்கங்களின் மதிப்பு மிகத் தெளிவாகப் புலப்படுவது இங்கேதான். அமெரிக்காவில் கெட்டி அட்டைப் படப் புத்தகத்துக்கு விற்பனை விலையில் ஏறத்தாழ பத்து விழுக்காடு ராயல்டி, அதாவது விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் படைத்தவருக்குச் சேரும் பங்கு, என்பதும், அதை எழுத்தாளரும் ஓவியரும் சரிபாதியாகப் பகிர்வதும் பழக்கத்தில் உள்ள ஓர் அளவு. முன்பணம் என்பது இனாம் அல்ல. விற்பனையிலிருந்து வரும் ராயல்டியில் அது முழுதும் கழிந்த பிறகே அடுத்த காசு வரும். இவை எதையும் எந்தப் பள்ளியும் கற்றுத் தருவதில்லை. முதல் ஒப்பந்தத்தைக் கையில் வாங்கும் புதியவர் அதை வரமாகக் கருதி, படிக்காமலேயே கையெழுத்திடுவார். எதிரில் இருப்பவரோ அத்தகைய ஒப்பந்தங்களைத் தினந்தோறும் தயாரிப்பவர். சங்கம் தன் உறுப்பினர்களுக்கென வெளியிடும் கையேடும், மூத்தவர்கள் மாநாடுகளில் தம் சொந்த ஒப்பந்தங்களை முன்வைத்துப் பேசுவதும் இந்த ஏற்றத்தாழ்வைச் சற்றே குறைக்கின்றன. எது வழக்கம், எது வழக்கத்துக்கு மாறான பேராசை என்பது தெரிந்தவரால்தான் ‘இந்த விதியை நீக்குங்கள்’ என்று நிதானமாகக் கேட்க முடியும்.

சட்டமோ இருவரையும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. அமெரிக்காவின் 1976ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், ‘கூலிக்குச் செய்யப்பட்ட படைப்பு’ என்ற ஒரு வகையை வரையறுக்கிறது. அந்த வகையில் சேர்ந்துவிட்ட படைப்புக்கு, அதைச் செய்யச் சொல்லிப் பணம் கொடுத்தவரே சட்டத்தின் பார்வையில் ஆசிரியர். ஊழியர் அல்லாத ஒருவரிடம் கேட்டு வாங்கப்படும் படைப்பு எப்போது இந்த வகைக்குள் வரும் என்று ஒன்பது இனங்களை அச்சட்டம் பட்டியலிடுகிறது. எழுத்து மூலமான உடன்பாடும் வேண்டும் என்கிறது. அந்த ஒன்பதில் ஒன்று, வேறொருவரின் நூலுக்குத் துணையாகச் செய்யப்படும் வேலை. அதற்குச் சட்டமே தரும் எடுத்துக்காட்டுகளில் முன்னுரை, பின்னிணைப்பு, வரைபடம் ஆகியவற்றோடு சித்திரங்களும் இருக்கின்றன. நாவலொன்றை எழுதியவருக்கு இந்த ஆபத்து பெரும்பாலும் இல்லை. அதே நாவலுக்குப் படம் வரைந்தவர் ஒரு தாளில் கையெழுத்திட்டால் தம் படத்துக்கு ஆசிரியர் என்ற தகுதியையே இழந்துவிடலாம்.

இந்தியச் சட்டத்திலும் இந்தச் சாய்வு இருக்கிறது; ஆனால் அது இன்னும் குறைவாகவே பேசப்படுகிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, படைப்பின் முதல் உரிமையாளர் யார் என்பதைச் சொல்கிறது. பொது விதிப்படி படைத்தவரே உரிமையாளர். பிறகு விலக்குகள் வருகின்றன. ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில், பணம் பெற்றுக்கொண்டு தீட்டப்பட்ட ஓவியத்துக்கும் வரையப்பட்ட உருவப்படத்துக்கும், வேறு உடன்பாடு இல்லாத நிலையில், கேட்டுக்கொண்டவரே முதல் உரிமையாளர் என்கிறது அவற்றில் ஒன்று. கேட்டு வாங்கிய கதைக்கு இந்த விலக்கு பொருந்தாது. ஆகவே ஒரே பதிப்பகம் ஒரே நாளில் இருவரிடம் வேலை கேட்டு, இருவருக்கும் தொகை கொடுத்து, எதையும் எழுதி வைக்காமல் விட்டால், கதையின் உரிமை எழுதியவரிடமே தங்கும். படத்தின் உரிமை வரைந்தவரை விட்டுப் போயிருக்கும் அபாயம் உண்டு. ‘வேறு உடன்பாடு இல்லாத நிலையில்’ என்ற நான்கே சொற்கள்தான் ஓவியருக்கு உள்ள கதவு. அதைத் திறக்க ஒரு தாளும் இரண்டு கையெழுத்துகளும் போதும். ஆனால் அப்படி ஒரு கதவு இருப்பதை யாராவது முதலில் சொல்ல வேண்டும்.

பத்திரிகை ஊழியர்களுக்கு அதே பிரிவு வேறு கணக்கு வைத்திருக்கிறது. இதழில் சம்பளத்துக்கு வேலை செய்யும்போது எழுதியதிலும் வரைந்ததிலும், இதழில் வெளியிடும் அளவுக்கு மட்டுமே உரிமை இதழின் உரிமையாளருக்குப் போகிறது. மற்ற எல்லா வகையிலும், வேறு உடன்பாடு இல்லையென்றால், படைத்தவரே உரிமையாளர். தென்னிந்தியாவின் சிறார் ஓவியத்தில் பெரும் பகுதி இதழ்களின் சம்பள மேசைகளில் பிறந்தது என்பதை நினைத்தால் இதன் கனம் புரியும். விக்கிரமாதித்தன் தோளில் வேதாளத்தைச் சுமந்து, வாளோடு மயானத்தில் நடக்கும் அந்தச் சித்திரத்தை அறியாத அம்புலிமாமா வாசகர் இல்லை. அதை வரைந்த கே.சி. சிவசங்கரன், ‘சங்கர்’ என்ற கையொப்பத்தோடு 1952 முதல் அந்த இதழுக்காகப் பல பத்தாண்டுகள் வரைந்தார். 2020இல் 96 வயதில் மறைந்த அவருக்குப் பத்மஸ்ரீ அடுத்த ஆண்டு, மறைவுக்குப் பின்தான் அறிவிக்கப்பட்டது. அந்தப் படத்தை அறிந்தவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும் என்று கேட்டுப் பார்க்கலாம்.

பெயர் என்பது வெறும் மரியாதைப் பிரச்சினை அல்ல. பிரிட்டனில் பொது நூலகங்களிலிருந்து ஒரு நூல் இரவல் எடுக்கப்படும் ஒவ்வொரு முறைக்கும், அரசு நிதியிலிருந்து அந்நூலைப் படைத்தவருக்குச் சிறு தொகை வழங்கும் ஏற்பாடு இருக்கிறது. ஜான் பிராஃபி என்ற எழுத்தாளர் 1951இல் இரவலுக்கு ஒரு பென்னி வேண்டும் என்று கேட்டதில் தொடங்கி, அவர் மகள் பிரிஜிட் பிராஃபி, மாரீன் டஃபி போன்றோர் தொடர்ந்து நடத்திய இயக்கத்தின் பயனாக 1979இல் சட்டமாகி, 1984இல் முதல் தொகை கைக்கு வந்தது. சிறார் நூல்கள் நூலகங்களில் மிகுதியாக இரவல் போகின்றவை என்பதால் இத்துறையினருக்கு இது சிறு விஷயமில்லை. ஓவியரும் தமக்குரிய பங்கைப் பதிந்துகொள்ளலாம். ஆனால் பதிவதற்கு நூலில் பெயர் இருப்பது முக்கியமான ஆதாரம். விற்பனைத் தரவுகளிலும் மதிப்புரைகளிலும் விருதுப் பட்டியல்களிலும் எழுத்தாளர் பெயர் மட்டும் வந்து ஓவியர் பெயர் விடுபடும் வழக்கத்தை எதிர்த்து, ஓவியர் சாரா மெக்கின்டயர் தொடங்கிய இயக்கம் பத்தாண்டுகளாக அங்கே நடந்துவருகிறது. அட்டையில் பெயர் இல்லாத ஓவியரை அடுத்த பதிப்பகம் தேடிக் கண்டுபிடிக்க முடியாது, கண்டுபிடிக்க முடியாதவரின் சந்தை மதிப்பு உயராது என்ற எளிய வாதம்தான் அதன் பலம். இந்தியாவில் இரவல் உரிமைத் தொகை என்ற ஏற்பாடே கிடையாது. அதைக் கேட்கும் குரலும் இதுவரை வலுப்பெறவில்லை.

அமெரிக்கச் சங்கத்தின் பெயரிலும் ஓவியருக்கு இடம் முதலில் இல்லை. எழுத்தாளர் சங்கமாகத் தொடங்கிய அது பிற்பாடுதான் ஓவியர்களையும் பெயரில் சேர்த்துக்கொண்டது. அத்துடன், அச்சங்கத்தின் எல்லைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அது தொழிற்சங்கம் அல்ல. தனித்தனி ஒப்பந்தக்காரர்களாகக் கருதப்படும் எழுத்தாளர்களும் ஓவியர்களும் கூடி இதற்குக் குறைந்து வேலை செய்ய மாட்டோம் என்று விலை நிர்ணயித்தால், அமெரிக்காவின் ஏகபோகத் தடுப்புச் சட்டமே அவர்கள்மீது பாயக்கூடும். எனவே அது கற்பிக்கலாம், அறிவுறுத்தலாம், குரல் எழுப்பலாம். வேலைநிறுத்தம் செய்ய முடியாது. மாநாட்டுக் கட்டணமும் பயணச் செலவும் வசதியற்றவர்களுக்கு எட்டாதவை. முகவர் இல்லாதவரின் கைப்பிரதியைப் பார்க்கவே மறுக்கும் பதிப்பகங்கள், மாநாட்டில் கலந்துகொண்டவர்களுக்கு மட்டும் குறிப்பிட்ட காலம் வாசலைத் திறந்துவைக்கும் வழக்கம் இருக்கிறது. இது உதவியா, காசு கொடுத்து வாங்கும் அனுமதிச் சீட்டா என்ற சந்தேகம் நியாயமானது. பதிப்பாசிரியர்களும் புகழ்பெற்றவர்களும் வாய்ப்புத் தேடுபவர்களும் ஒரே விடுதியில் கூடும் இடத்தில் அதிகாரம் தவறாகப் பயன்படும் ஆபத்தும் உண்டு. 2018இல் அமெரிக்கச் சிறார் நூலுலகில் பாலியல் துன்புறுத்தல் புகார்கள் வரிசையாக வெளிவந்தபோது இச்சங்கமும் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அதன் பிறகே நடத்தை விதிகள் கறாராயின. தகவலைப் பொதுவாக்கும் அமைப்பு, தன் வாசலையும் பாதுகாப்பாக வைத்திருக்கவில்லையென்றால் இளையவர்களும் பெண்களுமே முதலில் விலகிப் போவார்கள்.

நம் பக்கம் இந்த வரலாறு அமெரிக்காவைவிட மூத்தது. 1950இல் சென்னையில் குழந்தை எழுத்தாளர் சங்கம் தொடங்கப்பட்டது. வங்கி ஊழியராக இருந்துகொண்டே குழந்தைகளுக்காகப் பாடிய அழ. வள்ளியப்பா அதன் உயிர்நாடி, ‘சக்தி’ வை. கோவிந்தன் அதன் முதல் தலைவர். ஆனால் அதன் முன் இருந்த வேலை வேறு. ஒப்பந்த விதிகளை ஆராய்வதற்கு முன், குழந்தைகளுக்கு எழுதுவது ஒரு தனித் துறை, பெரிய எழுத்தாளராக வளரும்வரை செய்யும் பயிற்சி அல்ல என்பதை அன்று நிறுவ வேண்டியிருந்தது. சிதறிக் கிடந்தவர்களைச் சேர்த்து, யார் எதை எழுதியிருக்கிறார் என்று பதிந்து, புதியவர்களை அழைத்து, பதிப்பாளர்களின் கவனத்தை இப்பக்கம் திருப்பிய தலைமுறை அது. வள்ளியப்பா ஏறத்தாழ நாற்பதாண்டுகள் அதற்காக உழைத்தார். பெயர் காட்டுவது போல, அதன் மையத்தில் இருந்தவர் எழுத்தாளர்.

ஓவியர் பெயரிலேயே இடம்பெற்ற இந்திய அமைப்பு 1981இல் தில்லியில் வந்தது. குழந்தைகளுக்கான எழுத்தாளர் மற்றும் ஓவியர் சங்கம் என்ற அதைத் தொடங்கியவர் கேலிச்சித்திரக்காரர் கே. சங்கர் பிள்ளை, 1957இல் சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்டை நிறுவியவரும் அவரே. வரைபவர் ஒருவர் தொடங்கிய சங்கத்தின் பெயரில் தொடக்கத்திலேயே வரைபவர்களும் இருந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. மனோரமா ஜாஃபா அதைப் பல்லாண்டுகள் நடத்தினார். எழுதுவோருக்கான பயிலரங்குகள் அதன் முக்கியமான பணியாயின. யெல்லா லெப்மன் முயற்சியில் 1953இல் சூரிச்சில் உருவான சர்வதேசக் குழந்தை நூல் அமைப்பின் இந்தியப் பிரிவும் அதுவே. அந்தச் சர்வதேச அமைப்பின் மாநாடு 1998இல் புதுதில்லியில் கூடியதற்கு அதுதான் காரணம். தமிழில் 2021இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு சிறார் எழுத்தாளர் கலைஞர் சங்கமும் ஓவியர்களையும் கதைசொல்லிகளையும் உள்ளடக்கியே பெயரிட்டுக்கொண்டிருக்கிறது.

தமிழ்ச் சூழலில் இனிச் செய்ய வேண்டியதைச் சட்டப் புத்தகமே சுட்டிக்காட்டுகிறது. இங்கே படம் வரைபவருக்குப் படக் கணக்கிலோ பக்கக் கணக்கிலோ ஒருமுறைத் தொகை கொடுப்பது பரவலான வழக்கம். பெரும்பாலும் தொலைபேசிப் பேச்சிலேயே எல்லாம் முடிந்துவிடும். நூல் மறுபதிப்பு கண்டாலும், நூலக ஆணை பெற்றாலும், வேறு மொழிக்குப் போனாலும், செயலியில் ஏறினாலும் அந்தத் தொகை மாறுவதில்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவோ, உரிமையை மாற்றித் தருவது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும் என்கிறது. எந்த உரிமை, எத்தனை காலம், எந்த நிலப்பரப்பு, எவ்வளவு ராயல்டி என்பவற்றை அதில் குறிப்பிட வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். வேறாகச் சொல்லப்படாதவரை, பெற்ற உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாத பதிப்பாளரிடம் அது நீடிக்காது. தன் படைப்பென்று உரிமை கோரவும், அதைச் சிதைத்தால் தடுக்கவும் படைப்பாளிக்குள்ள தனி உரிமையை 57ஆம் பிரிவு, பதிப்புரிமை கைமாறிய பிறகும் காப்பாற்றுகிறது.

இவற்றை உள்ளடக்கி, தமிழில், இரண்டு பக்கத்துக்குள் ஒரு மாதிரி ஒப்பந்தத்தை எழுதுவதற்கு ஒரு வழக்கறிஞரும், எழுத்தாளர் ஒருவரும், ஓவியர் ஒருவரும், நல்லெண்ணம் கொண்ட சிறு பதிப்பாளர் ஒருவரும் சேர்ந்து அமர்ந்தால் போதும். படத்தின் முதல் உரிமை ஓவியருக்கே என்ற வரி அதில் கட்டாயம் வேண்டும், 17ஆம் பிரிவு கேட்கும் ‘வேறு உடன்பாடு’ அதுதான். அட்டையிலும் தலைப்புப் பக்கத்திலும் பெயர், இரண்டாம் பதிப்பிலிருந்து சிறு விழுக்காடு, மொழிபெயர்ப்புக்கும் மின்வடிவத்துக்கும் தனித் தொகை, அனுமதியின்றிச் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்குத் தரக் கூடாது என்ற தடை, வேலை முடிந்ததும் மூலச் சித்திரங்களைத் திருப்பித் தருதல் ஆகியவை அடுத்தடுத்து வரலாம். பல சிறு பதிப்பகங்கள் ஒப்பந்தம் போடாததற்குக் காரணம் பெரும்பாலும் வஞ்சனை அல்ல, கையில் ஒரு படிவம் இல்லாததுதான். படிவத்தைச் சங்கமே அச்சிட்டுத் தந்தால், தொகையைக் கேட்கத் தயங்கும் புதிய ஓவியரும் இது சங்கத்தின் வழக்கமான படிவம் என்று சொல்லி அதைப் பதிப்பாளர் மேசையில் வைத்துவிடலாம்.